பதில் வருவதற்குள்

என் வீட்டுக்காரரிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "என்னையக் கட்டுததுக்கு முன்னாலயே ஒங்களுக்குத் தெரியுமா?"

முதல் தடவை கேட்டது மகள் வயிற்றில் இருந்தபோது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். அவரையும் கூட்டிவரச் சொல்லிப் பரிசோதித்தார்கள். அவருக்கும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் பம்பாய் பக்கம் ஒரு தறி ஊரில் வேலை பார்த்தவர். எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் "தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். சண்டை போடும்போது கேட்டேன், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டேன், குழம்புக்கு உப்பு போதுமா என்பதற்கு அடுத்த கேள்வியாகக் கேட்டேன். எப்போது கேட்டாலும் "தெரியாதுட்டி" என்று பட்டென்று வந்துவிடும். உண்மையைச் சொல்கிறவருக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். மனப்பாடம் செய்து வைத்திருப்பவருக்கும் யோசிக்க வேண்டியதில்லையே என்று மறுநாள் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் கிடந்தே எனக்கு வயசாகிவிட்டது.

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறாள் என்று பஸ் ஏறும்வரை யோசிப்பேன். மகளுக்கு நோய் வராமல் மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அதைக்கூட வேறு ஊரில் இன்னொரு தடவை பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அவள் இப்போது வெளியூரில் படிக்கிறாள்.

ஒரு நோயை ஊருக்குத் தெரியாமல் வைத்திருப்பதென்றால் இன்னொரு நோயைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சொன்னது சுகர். மாதாமாதம் வெளியூர் போய் மாத்திரை வாங்கி வருவதற்கு அது தோதாக இருந்தது. அதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் பாயசம் வந்தால் இலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எங்களைத் தவிர எல்லோருக்கும் அல்வா கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாரம் தவறாமல் பாகற்காய் கொடுத்தனுப்புவாள். இரண்டு பேருக்குமே சுகர் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு ஜீனி டப்பாவில் கையை விட்டுத் தின்கிற தம்பதி சங்கரன்கோவிலிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அவருக்குச் சொந்தத் தறி இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஒரே ஆள் நாலு தறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதே முதலாளிக்கு வீட்டில் இருந்து தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சுற்றி வைக்கிற சின்னக் குச்சி. அதைச் சுமந்துகொண்டு ஓடுகிற நாடா நடுவில் மாட்டிக்கொண்டால், உடனே தறியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தவறினால் நெடுக்கே இருக்கிற பாவு நூல் கொத்துக் கொத்தாக அறுந்து போகும். தெரிந்த ஆளுக்குச் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். நாலு தறி போடுகிற கூச்சலில் ஒன்று மட்டும் மாற்றிப் பேசினால் கை தானாக அங்கே போய்விடும். என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தார். முதலாளியே சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் "எங்க போயிட்டு வாரிய?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்த பிறகுதான் "டீக்கடைக்கு" என்றார்.

டீக்கடைக்குப் போனதைச் சொல்ல என்ன யோசனை? எனக்குள் மணி அடித்தது. அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். எதைக் கேட்டாலும் ஒரு இடைவெளி விழுந்தது. சட்டைப்பையில் இருக்கிற சாவி யாருடையது, இடைவெளி. போனில் பேசினது யார், இடைவெளி. நாளைக்கு வேலை உண்டா, அதற்கும் இடைவெளி. பதில் என்னவோ சரியாகத்தான் வந்தது. விசாரித்துப் பார்த்தேன், எல்லாம் ஒத்துப்போனது. பொய்யை இவ்வளவு ஒழுங்காகச் சேர்க்கத்தான் நேரம் எடுக்கிறதோ என்று நினைத்தேன். ஒரு தடவை என்னை ஏமாற்றினவர் என்கிற எண்ணம் எனக்கு எப்போதும் பக்கத்திலேயே இருந்தது.

அந்த இடைவெளியைத் தறிக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே வேறு பெயர் வைத்தார்கள். "அண்ணாச்சிக்கு காது போச்சு." தறிக்காரர்களுக்குக் காது மந்தமாவது இங்கே ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் வீட்டில் கத்தித்தான் பேசுவார்கள். டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கூப்பிட்டால் உடனே திரும்பாதவர், சொன்னதைச் செய்ய நேரமாக்குகிறவர், தறி நிற்க வேண்டிய நேரத்தில் நிறுத்தாதவர், இவர்களெல்லாம் இந்த ஊரில் செவிடு. அதற்கு மேல் யாரும் போக மாட்டார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் நாடா மாட்டி, அவர் போய் நிறுத்துவதற்குள் பாவு பாதிக்கு மேல் அறுந்துவிட்டது. முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று முகம் சரியில்லை.

"இங்க பாரும்மா, நான் அவர வையல. காது கேக்கல, அவரு என்ன செய்வாரு? கல்யாண மண்டவத்துல காதுக்கு முகாம் போடுதாவ. கூட்டிட்டுப் போயி ஒரு மிஷின் வாங்கி மாட்டி விடு. இன்னொரு தடவ பாவு அந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

வேலை போனால் அவருக்கு வேறெதுவும் தெரியாது. கூட்டிக்கொண்டு போனேன். காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார்கள். பின்னால் பெரிய வரிசை நின்றது. பரிசோதனை செய்த பையன் பட்டனை அமுக்குவான், இவரைப் பார்ப்பான், தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை அமுக்குவான். அவன் அடுத்ததை அமுக்கின பிறகு இவர் கை மெதுவாக உயரும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கிறது, வேண்டுமென்றே தாமதித்துத் தூக்குகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. செவிடு என்று பெயர் வாங்கிக்கொண்டால் என் கேள்விகளிலிருந்து தப்பிக்கலாமே. பையன் இரண்டு காதும் மோசம் என்றான். ஒரு மிஷினை மாட்டி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் முகாமை நடத்தினேன். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்பூனைக் கீழே போட்டேன். திரும்பிப் பார்த்தார். இன்னொரு நாள் அடுப்படியில் நின்று, யாரோடும் பேசாமலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து "யார்கிட்ட அப்படி ரகசியம் பேசுத?" என்றார். எனக்கு வெற்றிதான். காது நன்றாக இருக்கிறது. காது நன்றாக இருக்கிற மனுஷர் பதில் சொல்லத் தயங்கினால், பதிலைத் தயார் பண்ணுகிறார் என்றுதான் அர்த்தம். இதை நான் போலீஸ்காரி மாதிரி மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குத் தோதாக மத்தியானங்களில் ஆள் காணாமல் போக ஆரம்பித்தார். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வர வேண்டியவர் வெயில் தாழத்தான் வந்தார். கேட்டால், நின்று யோசித்து, "சும்மா அங்கன நின்னேன்" என்றார். எங்கன என்றால் அதற்கும் யோசனை. இந்த வயசில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இன்னொருத்தியா என்று நினைத்தபோது எனக்கு அழுகையைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அவளுக்கும் இதைக் கொடுத்துவிடப் போகிறாரே என்கிற பயம்.

ஒரு நாள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். உள்ளே நுழைகிற இடத்துக்கு எதிரே, பழக்கடை ஓரமாக நின்றார். சிவகிரி பஸ் வந்தது. ஏறவில்லை. கடையநல்லூர் பஸ் வந்தது. ஏறவில்லை. ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து கூட்டம் இறங்கியது. யாரையாவது தேடுகிறாரா என்று பார்த்தேன். இறங்கினவர்கள் பக்கமே அவர் திரும்பவில்லை. ஒவ்வொரு வண்டியும் திரும்பும்போது அதன் நெற்றியையே பார்த்தார். உதடு அசைந்தது. வண்டி போன பிறகும் அசைந்துகொண்டிருந்தது. போனில் பேசுகிறாரோ என்று காதைப் பார்த்தேன். காதில் அந்த மிஷின்கூட இல்லை.

பொறுக்க முடியாமல் போய் முன்னால் நின்றேன். "யாருக்காவ நிக்கிய?"

என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். அது உடனே நடந்தது. பதில்தான் வரவில்லை.

"பஸ்ஸுக்கு" என்றார் கடைசியில்.

"எந்த பஸ்ஸுக்கு?"

மறுபடியும் அந்த இடைவெளி. இரண்டு வண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. "எல்லா பஸ்ஸுக்கும்" என்றார்.

நான் கத்தியிருப்பேன். பழக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். "வண்டி திரும்புததுக்குள்ள போர்டப் படிக்க முடியுதான்னு பாக்கேன். கண்ணு தெரியுது. எழுத்து தெரியுது. என்ன ஊருன்னு மனசுல வாரதுக்குள்ள வண்டி போயிருது. தெனமும் பாக்கேன். ஒரு மாதிரியாவே இருக்குட்டி."

அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது, தன் மேலேயே. அதை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். நான் நம்பினேனா என்றால், முழுதாக இல்லை. பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டவர் சொல்கிற கதைதானே என்று ஒரு ஓரத்தில் இருந்தது. ஆனாலும் அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரிடம் நானே பேச்சை எடுத்தேன்.

அங்கே இருந்தது புதிதாக வந்த ஒரு பெண் டாக்டர். காது முகாமில் நடந்ததைச் சொன்னேன். கை பிந்தி உயர்ந்தது என்றதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அடுத்த சத்தம் வந்த பிறகா தூக்கினார்?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து நாலு சாமான்களின் பெயரைச் சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் தட்டச் சொன்னார். மேஜைமேல் கையை மூடி வை, விரித்து வை, பக்கவாட்டில் வை என்று வரிசையாகச் செய்து காட்டி, அதேபோலச் செய்யச் சொன்னார்.

தறியில் நூல் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. நானே பார்த்திருக்கிறேன். அன்று அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தேடித் தேடித் தொட்டன. கையை மூடி விரித்து வைக்கிற வரிசையில் நடுவில் நின்றுபோய், என்னைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே இருந்து பார்க்க முடியவில்லை.

கடைசியில் டாக்டர் அந்த நாலு பெயரையும் கேட்டார். என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஆனால் நாலையும் சரியாகச் சொன்னார்.

"பாத்தீங்களா, மறக்கலை. வர்றதுக்குத்தான் நேரமாகுது" என்றார் டாக்டர்.

"அப்ப நடிக்கலையா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் கிருமி ரத்தத்தில் மட்டும் இருப்பதில்லை, மூளைக்கும் போகும் என்றார் டாக்டர். அது போவது ஆரம்பத்திலேயே நடந்துவிடுமாம். எதிர்ப்பு சக்தி ரொம்ப இறங்கின பிறகு மருந்து ஆரம்பித்தவர்களுக்கு இப்படி ஆக வாய்ப்பு அதிகம் என்றார். இவர் அப்படித்தான் ஆரம்பித்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவர்களில்கூடச் சிலருக்கு யோசனையும் கை வேகமும் மந்தப்படுவது உண்டாம். "அதுதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். தைராய்டு பாக்கணும், வைட்டமின் பாக்கணும். தூக்கம் எப்படி, மனசு எப்படின்னு பாக்கணும். அதனாலயும் இப்படி வரும்" என்றார்.

"முழுசாப் பைத்தியம் ஆயிருவாவளா?" என்று கேட்டேன்.

அப்படியெல்லாம் நினைக்க வேண்டாம், நிறையப் பேருக்கு லேசாகவே இருந்துவிடும், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது என்றார். நாலு தறியை ஒரே நேரத்தில் கவனிக்கிற வேலை இனி வேண்டாம் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒரு நேரத்துல ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டுப் பொறுமையா இருங்க. நடுவுல இன்னொன்னு கேக்காதீங்க. பதில் வரும்."

நான் பொறுமையாக இருப்பதாவது. அந்த டாக்டரையும் நான் உடனே நம்பவில்லை. எங்கள் மாத்திரையில்தான் ஏதோ கோளாறு, அதை மறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் வந்தன. தைராய்டு சரி, வைட்டமின் சரி. அவர் தூக்கமும் எப்போதும் போலத்தான். சரியாக இருந்ததைப் பார்த்து அப்படிக் கலங்கினது எனக்கு அதுதான் முதல் தடவை. வேறு ஏதாவது ஒன்றாக இருந்துவிட்டால் தேவலையே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலாளியிடம் என்ன சொல்வது? ஊரே எங்களுக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். "இன்னும் தறிச் சத்தத்துல நின்னா இருக்க காதும் போயிரும்னு டாக்டர் சொல்லுதாவ" என்றேன். அவர் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. ஒரு பாவு தீர்ந்ததும் அதன் முனைகளில் புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். ஓடாத தறி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. அதைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் மற்றவர்களைவிட மெதுவாகச் செய்தார், தப்பு வராமல் செய்தார். கூடத்தில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். அவர் அந்த மிஷினை மாட்டிக்கொண்டு, எல்லாக் கத்தலையும் இரட்டிப்பாகக் கேட்டுக்கொண்டு, பொறுமையாகத் தலையாட்டினார்.

வீட்டில் நான் பழக ரொம்ப நாள் ஆனது. ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பட்டினி கிடக்கிற மாதிரி. ஆனால் இருந்து பார்த்தால் பதில் வந்தது. மகளுக்கு எப்போது லீவு, கேஸ் எப்போது மாற்றினோம், எல்லாம் வந்தது. நான் பழையபடி விசாரித்துப் பார்த்தேன். எதுவும் தப்பவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கேள்வி புதிதாகத் தெரிந்தது. அதை நான் அவருக்கு இப்படி ஆன பிறகு கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் பட்டென்று வந்த அந்த "தெரியாது" இப்போது எப்படி வரும்? உடனே வந்தால் என்ன அர்த்தம்? பிந்தி வந்தால் என்ன அர்த்தம்? எதுவாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

போன மாதம் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள் ஒன்று வந்தது. அன்று ஊரில் எந்தத் தறியும் ஓடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அது அமைதி. எங்களுக்கு யாரோ செத்த வீடு மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காதில் மிஷின் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து, கத்தாமல் கேட்டேன்.

"என்னையக் கட்டுததுக்கு முன்னாலயே ஒங்களுக்குத் தெரியுமா?"

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். என்ன யோசிக்கிய, தெரியாதுன்னு சொல்ல இம்புட்டு நேரமா என்று ஆடியிருப்பேன். அன்று இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் இருந்துச்சு" என்றார்.

இன்னொரு கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

"அங்கன எங்கூட ரூம்ல இருந்தவன் செத்துட்டான். இந்தச் சீக்குதான்னு பேசிக்கிட்டாவ. நானும் அவனும் ஒண்ணாத்தான் எல்லா எடத்துக்கும் போவோம்." நிறுத்தினார். நான் காத்திருந்தேன். "ஊருக்கு வந்தேன். பொண்ணு பாத்தாச்சுன்னாவ. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாப்பமான்னு நெனச்சேன். உண்டுன்னு சொல்லிட்டா கல்யாணம் நின்னுபோயிரும்லா. அதான் பாக்கல."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவ்வளவு நேரம் எடுத்தது. ஒன்றுகூட மழுப்பவில்லை.

"அப்ப ஏன் இத்தன வருசமும் தெரியாது தெரியாதுன்னிய?"

இதற்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். யோசித்து, யோசித்து, கடைசியில் ஏதோ கணக்குக்கு விடை கண்டுபிடித்தவர் போல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் டக்குன்னு வாயில வந்துச்சு."

ஒரு ஊசி குத்திப் பார்த்திருந்தால் போதும். நான் வேறு ஒருத்தியாக இருந்திருப்பேன். பாயசம் குடிக்கிறவளாக, பக்கத்து வீட்டுக்காரி எங்கே போகிறாய் என்று கேட்டால் எங்கே போகிறேன் என்று சொல்கிறவளாக இருந்திருப்பேன். கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று ஒரு மனுஷர் பயந்த பயத்துக்கு என் ஆயுசு முழுதும் போய்விட்டது. இதை எழுதுகிற இன்றுவரை என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பிந்திப் பிந்திக் கேட்டுக்கொண்டார். நான் நிறுத்திய பிறகும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்தது. தெருவில் முதல் தறி ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து முகம் கழுவப் போனேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் சொன்னதில் எதையும் நான் திருப்பிப் பார்க்கவில்லை. யாரிடமும் விசாரிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து முதல் தடவையாக என் புருஷன் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அதற்காகத்தான் அவ்வளவு நேரம் அழுதேன்.